விட்டாச்சு

கவாலா துறைமுகத்தில் ஆறரைக்குச் சங்கு.
மத்தி மீனைத் தகர டப்பாவில் அடுக்கும் ஆலையிலிருந்து
பொலிக்ஸேனி வெளியே வருகிறாள்,
வாசலிலேயே தங்கைக்குப் போன் போடுகிறாள்:
"ஸ்கோலசா."
விட்டாச்சு, அவ்வளவுதான் அர்த்தம்.
அந்த ஊரில் தினமும்
ஆயிரம் வாய் சொல்லித் தேய்ந்த சொல்.

பிறகு மேடேறி
மாலைப் பள்ளிக்குப் போகிறாள். அதற்குப் பெயர் ஸ்கோலியோ.
இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று
ஐம்பத்திரண்டு வயதுவரை
யாரும் அவளிடம் சொன்னதில்லை.
அவளும் கேட்டதில்லை.
பெயர்க்காரணம் கேட்டுக்கொண்டா பஸ் ஏறுகிறோம்?

இஸ்மீனி, மணிக்கணக்குச் சம்பள டீச்சர்,
வகுப்பிலேயே வயதில் சிறியவள்,
கரும்பலகையில் எழுதினாள்: ஸ்கோலி.
பழைய கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள்.
ஓய்ந்தவன் உட்கார்ந்தான்,
உட்கார்ந்தவன் பேசினான்,
பேச்சு கூடிய இடத்துக்கும்
ஓய்வின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கடைசி பெஞ்சில் சிரிப்பு வெடித்தது.
"ஓய்வா? எட்டு மணி நேரம் நின்ற கால் டீச்சர் இது.
இங்கே வந்துதான் வீங்குகிறது."

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றவள்
சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.
அஸ்கோலியா. ஓய்வில்லாமை.
அலுவலுக்கு அவர்கள் வைத்த பெயர்.
வேலைக்கு வேறு பெயர்களும் இருந்தன.
இந்தப் பெயரில் மட்டும்
வேலை என்பது ஒரு குறை,
மூக்கில்லாத முகம் மாதிரி.

கிரேன் ஓட்டும் த்ராஸோஸ் கை தூக்கினான்.
"அதற்கும் முன்னால்?"
"பிடித்து நிறுத்துதல் என்று ஒரு வேர் காட்டுகிறார்கள்.
உறுதியில்லை."
"அப்படியென்றால் பிரேக்."
நாற்பதடிப் பெட்டியைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
காற்று அடங்கும்வரை
அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கிற கை அது.
நோட்டில் எழுதிக்கொண்டான்: பிரேக்.
அகராதியில் இல்லை. டீச்சர் திருத்தவில்லை.

சுவர் பூசும் அர்பென் மெதுவாகத்தான் கேட்டான்,
கிரேக்கம் அவனுக்கு இரவல் மொழி:
"அவர்கள் உட்கார்ந்து பேசினார்களே,
அந்நேரம் பாத்திரம் கழுவியது யார்?"

சாக்பீஸ் நின்றது.
"அடிமைகள்."
"அவர்களுக்கு இந்தச் சொல்லில் இடம்?"

பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில்
தாடி வைத்த பளிங்குத் தலைகள் மூன்று.
ஒன்றுக்கும் கை இல்லை.

இதற்குப் பொலிக்ஸேனி ஏதாவது சொல்வாள்,
எதற்கும் சொல்கிறவள்,
என்று எல்லோரும் திரும்பினார்கள்.
நோட்டின்மேல் கன்னம் வைத்துத்
தூங்கிப்போயிருந்தாள்.
நகத்தோரம் ஒரு மீன் செதில்
ட்யூப்லைட்டில் மின்னிக்கொண்டிருந்தது.

யாரும் எழுப்பவில்லை.
இஸ்மீனி குரலைத் தாழ்த்திக்கொண்டு
அடுத்த பாடத்துக்குப் போனாள்,
இறந்தகால வினைகள் ஏதோ.

இதைத் தமிழில் எழுதப்போய்த்தான் கவனிக்கிறேன்,
பள்ளி என்றால் நமக்குப் படுக்கையும்தான்.
துறவி பாய் விரித்த இடம்,
பெருமாள் பாம்பின்மேல் கொண்டது,
நான் முட்டி போட்டு நின்ற ஐந்தாம் வகுப்பு,
எல்லாம் ஒரே சொல்.
தூங்குகிற பையனின் காதைத் திருகியவர்கள்
அகராதியைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

ஒன்பதே முக்காலுக்கு மணி.
நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில்
அரைக்கண் திறந்து பொலிக்ஸேனி கேட்டாள்:
"விட்டாச்சா?"

ஆலையா, வகுப்பா,
எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை.
"விட்டாச்சு" என்றான் அர்பென்,
கீழே விழுந்திருந்த அவள் பென்சிலைத் தேடியபடி.